தாயம் விழாத கைக்கு ஒரு காப்பிக்கொட்டை

ஏற்காட்டு மலைப்பாதையை வைத்து நான் செய்துகொண்டிருந்த தாய விளையாட்டு ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது. நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. ஆட்டத்தைத் தொடங்கத் தேவையான தாயம், அதாவது ஒன்று, விழாமல் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களை வேடிக்கை பார்க்கும் நிலை அநேகமாக ஒழிந்துவிட்டது. அதே சமயம், கட்டை உருளும்போது எல்லோரும் முன்னால் குனிகிறார்கள். இந்த இரண்டும் ஒரே பலகையில் அமைவதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அளவும் விலையும் உதவும்.

முதலில் பலகை. அம்மாப்பேட்டையில் வீட்டுக்குப் பக்கத்து மரக்கடையில் 6 மில்லிமீட்டர் பிளைவுட் வெட்டுத் துண்டு 180 ரூபாய்க்குக் கிடைத்தது. 45 சென்டிமீட்டர் சதுரமாக அறுத்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தேன். கீழே அடிவாரம், மேலே ஏரி, நடுவில் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் பலகை வைத்த சாலை அது. பஸ்ஸில் போகும் பிள்ளைகள் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே ஏறுவார்கள். பலகையிலும் ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதினேன். வளைவில் நிற்கும் காயை வெட்டக் கூடாது. மற்ற இடத்தில் வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் அடிவாரத்துக்கு இறங்கிவிடும். வரைபடத்துக்கு எனாமல் பெயிண்ட் மூன்று சின்ன டப்பா, 150 ரூபாய். மேலே வார்னிஷ் இரண்டு பூச்சு, டப்பா 140 ரூபாய்.

வளைவுக்கு 6 கட்டம் வீதம் 120 கட்டம் போட்டிருந்தேன், ஆளுக்கு 3 காய். இது மிக நீளம். தாயக்கட்டையின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரியும். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு முகம். சேர்ந்து விழும் வகை 16. அதில் 12 என்று எண்ணப்படும் இரட்டை வெறுமை (இரண்டிலும் 0) 1 வகை, தாயம் 2 வகை, இரண்டு 3 வகை, மூன்று 4 வகை, நான்கு 3 வகை, ஐந்து 2 வகை, ஆறு 1 வகை. ஒரு வீச்சின் சராசரி 3.75 கட்டம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதையும் சேர்த்தால் ஒரு முறை கை வந்தால் சராசரி சரியாக 6 கட்டம். 120 கட்டத்துக்கு 20 கை. மூன்று காய்க்கு 60 கை. நான்கு பேருக்கு 240 கை. வெட்டுப்பட்டு இறங்குவது தனி. சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் ஏரியைப் பார்க்கவில்லை. பெயிண்டைச் சுரண்டி 60 கட்டமாக மாற்றினேன். வளைவுக்கு 3 கட்டம், ஆளுக்கு 2 காய். இப்போது ஆளுக்கு 20 கை அளவில் முடிகிறது. புதிதாகச் செய்கிறவர்கள் பெயிண்ட் தொடுவதற்கு முன்னால் சாக்பீஸால் வரைந்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள்.

அடுத்தது கட்டை. வீட்டில் இருந்த பித்தளைக் கட்டை வார்னிஷைக் குழி பறித்தது. மரத்தில் செய்ய முடிவெடுத்து, ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறுவதற்காகவும் வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தில் ஒரு சட்டத் துண்டு வாங்கினேன், 60 ரூபாய். ஆசாரியின் இயந்திர ரம்பத்தில் நீளவாக்கில் கீறித் தர 50 ரூபாய். 70 மில்லிமீட்டர் நீளம், 14 மில்லிமீட்டர் சதுரம் என்று கேட்டிருந்தேன். கைக்கு வந்தபோது கண்ணுக்குச் சதுரமாகத்தான் இருந்தது. குழியிட்டு, ஆடத் தொடங்கினோம். பன்னிரண்டு அடிக்கடி விழுந்தது. தடிமனை நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 14.4, அடுத்த பக்கம் 13.2.

இந்த 1.2 மில்லிமீட்டர் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தேன். ஒரு கட்டையை 160 முறை உருட்டி, விழுந்த முகத்தைக் கோடு போட்டு வந்தேன். நேர்மையான கட்டை என்றால் முகத்துக்கு 40 வர வேண்டும். 30இலிருந்து 50 வரை இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. எனக்கு வந்தது வெறுமை 53, இரண்டு 51, ஒன்று 27, மூன்று 29. அகலமான பக்கம் தரையில் படுத்துக்கொள்கிறது; அதன் எதிர்ப்பக்கமும் அகலம் என்பதால் வெறுமையும் இரண்டும் மேலே வருகின்றன. இரண்டு கட்டையும் இப்படியே இருந்தால் 16இல் ஒன்றாக இருக்க வேண்டிய பன்னிரண்டு 9இல் ஒன்றாகிறது. தாயமோ குறைகிறது. விதியை எவ்வளவு யோசித்து எழுதினாலும், கட்டை கோணலாக இருந்தால் அந்த விதி கோணலுக்குத்தான் வேலை செய்யும்.

திருத்துவது கடினமில்லை. 120ஆம் எண் உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, அகலத்தைக் குறைக்கும்படி கட்டையைத் தேய்த்து, பத்து இழுப்புக்கு ஒரு முறை காலிப்பரில் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் வந்ததும் 220, பிறகு 400. விளிம்பை லேசாக மழுக்கினால் போதும். அதிகம் மழுக்கினால் கட்டை பாயைத் தாண்டி ஓடுகிறது. உப்புத்தாள் மூன்று தாள் 45 ரூபாய். குழியை டிரில்லில் இடாமல் காய்ச்சிய ஆணியால் சுட்டு வைத்தது நல்லதாயிற்று; மை தேவைப்படவில்லை, கறுப்பு நிற்கிறது.

பலகையும் கட்டையும் ஒழுங்கான பிறகுதான் உண்மையான சிக்கல் வெளியே தெரிந்தது. தாயம் விழுந்தால்தான் காய் அடிவாரத்தை விட்டு நகரும். தாயத்தின் வாய்ப்பு 8இல் ஒன்று. சராசரியாக 8 வீச்சு காத்திருக்க வேண்டும் என்பது மட்டுமல்ல. 8 வீச்சு போட்ட பிறகும் மூன்றில் ஒருவர் வெளியேதான் இருப்பார். தாயம் ஆடி வளர்ந்த யாருக்கும் இது புதிதல்ல. ஒருவர் பத்தாவது வளைவில் இருக்க, இன்னொருவர் கட்டையை வாங்கி, போட்டு, கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். என் அண்ணன் மகள் அப்படி எழுந்து போனதைப் பார்த்த பிறகுதான் இந்தக் காத்திருப்புக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

ஐந்து விழுந்தாலும் கிளம்பலாம் என்று தளர்த்திப் பார்த்தோம். வாய்ப்பு இரண்டு மடங்காயிற்று, ஆனால் தாயத்தின் மரியாதை போயிற்று. “தாயம்!” என்று கத்த ஆளில்லை. அதைக் கைவிட்டேன்.

பிறகு சீட்டு. 16 வகையையும் 16 சீட்டில் எழுதி, கலைத்து, கட்டைக்குப் பதிலாக ஒவ்வொன்றாக எடுப்பது. ஒரு சுற்றுக்குள் தாயம் கண்டிப்பாக இரண்டு முறை வரும். இப்போதைய டெட்ரிஸ் கணினி விளையாட்டு இப்படித்தான் நடக்கிறது: ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் கலைத்ததுபோல், ஏழும் ஒரு தடவை வந்து முடிந்த பிறகே அடுத்த ஏழு தொடங்கும். நீளக் குச்சிக்கு முடிவில்லாமல் காத்திருக்க நேராது. கணக்குக்கு அழகான வழி. அச்சுக்கடையில் தடித்த அட்டையில் அச்சிட்டு வெட்ட 160 ரூபாய் ஆயிற்று. ஆனால் எங்கள் பலகையில் அது நிற்கவில்லை. சீட்டுக்கட்டில் நான்கு சீட்டு மிச்சமிருக்கும்போது என்ன வரும் என்று நினைவாற்றல் உள்ளவருக்குத் தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஓரிடத்தில் தாயம் கடைசிச் சீட்டு என்பது தெரிந்து மூன்று பேர் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அதைவிட, உருட்டும் சத்தம் இல்லை. இரண்டு பேர் மட்டும் ஆடுவதற்குச் சீட்டு பரவாயில்லை. அதற்காகச் சீட்டுக்கட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

வழி கிடைத்தது தி காசில்ஸ் ஆஃப் பர்கண்டி என்ற பலகை விளையாட்டிலிருந்து. 2011இல் வந்தது, ஸ்டீஃபன் ஃபெல்டு வடிவமைத்தது. அதில் பகடையை உருட்டிய பிறகு, கையிலிருக்கும் பணியாள் வில்லை ஒன்றைக் கொடுத்தால், விழுந்த எண்ணை ஒன்று கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். இதைத் தாயத்துக்குக் கொண்டுவந்தேன். அடிவாரத்தில் தாயம் விழாத ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு காப்பிக்கொட்டை. ஒரு கொட்டை கொடுத்தால் விழுந்த எண்ணில் ஒன்று குறையும். பன்னிரண்டை மட்டும் தொடக் கூடாது.

கணக்கு இப்படி இறங்குகிறது. முதல் வீச்சில் கையில் கொட்டை இல்லை. 16இல் 2 வாய்ப்பு. இரண்டாவது வீச்சில் ஒரு கொட்டை இருக்கிறது. இரண்டு விழுந்தாலும் தாயமாக்கலாம், ஆக 16இல் 5. மூன்றாவதில் மூன்று விழுந்தாலும் ஆகும், 16இல் 9. நான்காவதில் 16இல் 12. நான்கு வீச்சுக்குப் பிறகும் வெளியே நிற்கும் வாய்ப்பு 100இல் 7க்கும் குறைவு. கொட்டை இல்லாத பழைய விதியில் அது 100இல் 59. சராசரிக் காத்திருப்பு 8 வீச்சிலிருந்து மூன்றுக்குக் கீழே வந்துவிட்டது. தாயத்தின் மதிப்பும் குறையவில்லை, ஏனென்றால் கொட்டை செலவில்லாமல் விழும் தாயம் இன்னும் அதே அபூர்வம்தான். சிலர் இரண்டு விழுந்தும் கொட்டையைக் கொடுக்காமல் அடுத்த வீச்சுக்குக் காத்திருந்தார்கள், மலையில் பயன்படும் என்று. அப்படி யோசிப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

தவறத் தவற வாய்ப்பு ஏறுவது கணினி விளையாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். டோட்டா 2இல் சில தாக்குதல்களின் வாய்ப்பு, பலிக்காத ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயர்ந்து, பலித்ததும் கீழே இறங்கிவிடும். கைபேசியில் பாத்திரங்களைக் குலுக்கலில் விற்கும் விளையாட்டுகளிலும், இத்தனை முறை கிடைக்காவிட்டால் அடுத்தது நிச்சயம் என்று ஒரு எண் இருக்கிறது. அங்கே அந்த எண் காசு போட வைப்பதற்குப் பயன்படுவதை நான் வெறுக்கிறேன். என் பலகையில் அந்த எண் கையில் கொட்டையாக, எல்லோரும் எண்ணும்படி கிடக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அழுத்தமாக நினைக்கிறேன்.

கொட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் வறுத்த கொட்டை வைத்தேன். பிள்ளைகள் கையில் நொறுங்கிக் கறுப்புத் தூள் பலகையெங்கும் படிந்தது. ஏற்காட்டில் தோட்டத்தில் வேலை செய்யும் நண்பர் தோல் நீக்கிய பச்சைக் கொட்டை 100 கிராம் கொண்டுவந்தார், 60 ரூபாய். கல் போல இருக்கிறது, கறை படிவதில்லை.

அடிவாரம் தீர்ந்தது, மலையில் சிக்கல் வந்தது. வழியிலும் கொட்டை கிடைக்கட்டும், ஏற்றவோ குறைக்கவோ செய்யலாம் என்று விட்டேன். சிலர் ஏழெட்டுக் கொட்டை சேர்த்துக்கொண்டு, நினைத்த கட்டத்தில் நின்று நினைத்த காயை வெட்டினார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் பின்னால் நீண்ட யோசனை. கட்டை என்ன விழுந்தாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது. கையில் 3 கொட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்ததும் பாதி சரியாயிற்று. கடைசியில் இருப்பவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கொட்டை என்று இன்னொரு விதி. அதற்காகவே இரண்டாவது வளைவில் பத்திரமாகப் படுத்துக்கொண்டார்கள். அதை எடுத்துவிட்டேன். இப்போது மலையில் கொட்டை கிடைப்பது ஒரே வழியில்: காய் வெட்டுப்பட்டால் ஒன்று.

மீதிப் பாதியைச் சரிசெய்தது மூன்றாவது கட்டை. வளைவு ஏறும்போது, உருட்டுவதற்கு முன்னால் ஒரு கொட்டை கொடுத்தால் மூன்று கட்டையை உருட்டலாம். விழுந்ததில் பிடித்த இரண்டை எடுத்துக்கொள்ளலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 பதிப்பில் சாதகமான நிலையில் இருப்பவர் 20 முகப் பகடை இரண்டை உருட்டி உயர்ந்ததை எடுப்பார், சராசரி 10.5இலிருந்து 13.8க்குப் போகும். அதே எண்ணம்தான். மூன்று கட்டையில் தாயம் எடுக்கும் வாய்ப்பு 64இல் 18; இரண்டில் அது 64இல் 8. பன்னிரண்டு 64இல் 4இலிருந்து 10க்கு ஏறுகிறது. ஆனால் எதுவும் நிச்சயமில்லை. கொட்டை போய்விட்டது, கட்டை இன்னும் காற்றில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்குத் தெளிவு வந்தது. அதிர்ஷ்டத்தின் மேல் ஆட்டக்காரருக்குப் பிடி கொடுப்பதில், விலையை எப்போது வாங்குகிறோம் என்பதே முக்கியம். விழுந்த பிறகு வாங்கினால் அது ஆறுதல். மனம் அடங்குகிறது, கணக்கு தொடங்குகிறது. விழுவதற்கு முன்னால் வாங்கினால் அது துணிச்சல். வீட்டில் சத்தம் கூடுகிறது. சலித்து உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது ஆறுதல். மலையில் ஓடிக்கொண்டிருப்பவருக்கு வேண்டியது துணிச்சல். அதனால் அடிவாரத்தில் கொட்டை பின்னால், மலையில் கொட்டை முன்னால். இரண்டையும் எல்லா இடத்திலும் அனுமதித்தபோது ஆட்டம் இறுகியது. பிரித்து வைத்ததும் ஓடியது. முடிந்தால் இதை மட்டுமாவது உங்கள் விளையாட்டில் சோதித்துப் பாருங்கள்.

அத்தையின் கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதிவு முழுமையாகாது. சின்ன வயதிலிருந்து தாயம் ஆடியவர். கட்டையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் தேய்த்து, வழுக்கி விடுவார். ஒரு கட்டை உருளும், இன்னொன்று பாயில் சறுக்கி, வைத்த முகத்தோடே நிற்கும். வெறுமையை நிறுத்திக்கொண்டு மற்றதை உருட்டினால் தாயத்தின் வாய்ப்பு 8இல் ஒன்றிலிருந்து 4இல் ஒன்றாகிறது. “அத்தை, உருட்டிப் போடுங்கள்” என்றால், “உருட்டித்தானே போடுகிறேன்” என்பார். அது பல ஆண்டு உழைத்துப் பெற்ற திறமை. ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் புதிதாக ஆட வரும் பிள்ளைக்கு அது எட்டாது. பகடைக் கோபுரம் செய்து பார்த்தேன். ஜெர்மனியில் நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கோபுரம் ஒன்று கிடைத்திருக்கிறது. உள்ளே சரிந்த தட்டுகளில் பகடை விழுந்து புரண்டு படி வழியாக வெளியே வரும். கன சதுரப் பகடைக்குப் பொருத்தம். என் 70 மில்லிமீட்டர் கட்டை தட்டுக்கு நடுவில் குறுக்கே மாட்டிக்கொண்டது. இப்போது அகல வாய் டம்ளரில் குலுக்கி, பலகையின் மறுகோடியில் ஒட்டிய 3 சென்டிமீட்டர் உயரச் சட்டத்தில் மோதும்படி கொட்ட வேண்டும். மோதாத வீச்சு செல்லாது. கையால் போட விரும்பினால் ஒரு கொட்டை. அத்தை எப்போதும் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார், அந்தக் கொட்டைக்கு முழுப் பலனும் எடுக்கிறார்.

மொத்தச் செலவு சீட்டையும் சேர்த்து 845 ரூபாய். சீட்டு இல்லாமல் 685. டம்ளர் வீட்டில் இருந்தது.

அடுத்த பலகையை அண்ணன் மகளின் பள்ளித் தோழிகளுக்காகச் செய்கிறேன். அதில் சில மாற்றங்கள். சில்வர் ஓக் லேசான மரம். டம்ளரில் மோதி மோதி ஒரு கட்டையின் மூலை சிதைந்துவிட்டது, மறுபடி எண்ணிப் பார்த்ததில் இன்னும் நேர்மையாகத்தான் விழுகிறது என்றாலும் நம்பிக்கை குறைகிறது. இந்த முறை வேம்பு. கீறும்போதே 15 மில்லிமீட்டராகக் கேட்டு, தேய்த்து 14க்குக் கொண்டுவருவேன். மூன்றாவது கட்டையின் முனைக்குச் சிவப்பு. எது கொட்டை கொடுத்து வந்தது என்று சண்டை வராது. கொட்டைக்குப் பதில் புளியங்கொட்டை, ஆளுக்கு மூன்று குழி பலகையிலேயே குடைந்து வைத்தால் நான்காவதை வைக்க இடமே இருக்காது, வரம்பை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. கையால் போடும் விதி அந்தப் பலகையில் வேண்டாம். வெட்டுப்பட்டவருக்கு ஒரு கொட்டை போதுமா என்பதில் மட்டும் தயக்கம் இருக்கிறது: பதினெட்டாவது வளைவைத் தாண்டி வெட்டுப்பட்டு அடிவாரம் வந்தவருக்கு இரண்டு கொடுத்துப் பார்க்கலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.